நீளம் நின்ற பிறகு

உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதிகளின்படி 16, 17 வயதுக்காரர்கள் கனிஷ்ட பிரிவில் மோதுகிறார்கள். 18 நிறைந்துவிட்டால் குமித்தே என்ற நேர்மோதலில் சிரேஷ்ட பிரிவு. கனிஷ்ட ஆண்களுக்கான நிறை எல்லைகள் 55, 61, 68, 76 கிலோ. சிரேஷ்ட ஆண்களுக்கு 60, 67, 75, 84. இந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 67.5 கிலோ நிறையுள்ள பையன் தன் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முதல்நாள் வரை 68 கிலோப் பிரிவின் மேல் எல்லையில் நிற்பவன், அந்தப் பிரிவில் பாரமானவன். மறுநாள் அவன் 67 கிலோ எல்லையை அரைக் கிலோவால் தாண்டிவிட்டான். இனி 75 கிலோப் பிரிவின் அடிமட்டத்தில், தன்னைவிட ஏழு கிலோ கூடியவர்களோடு மோத வேண்டும். 54 கிலோப் பையனின் பாடு இன்னும் கஷ்டம். கனிஷ்டத்தில் அவனுக்கென்று 55 கிலோப் பிரிவு இருந்தது. சிரேஷ்டத்தில் 60 கிலோவுக்குக் கீழே வேறு பிரிவே கிடையாது. ஆட்ட நேரமும் இரண்டு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகிறது.

ஓர் இரவில் அவனுடைய உடல் மாறவில்லை. எதிரில் வந்து நிற்கும் உடல்தான் மாறியிருக்கிறது. அந்த உடல் எந்த வகையில் வேறானது? நீண்டதா, அகன்றதா, இறுகியதா? அளவுநாடாவும் தராசும் அதைச் சொல்லிவிடுமா?

இந்தக் கேள்வியைத் திருகோணமலையில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உவர்மலையிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கராத்தே பெரும்பாலும் பாடசாலை மண்டபத்தில் அல்லது பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கும் கலை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், துறைமுகத்திலோ மாவாலையிலோ வேலை முடித்து வரும் இருபத்தைந்து வயதுக்காரரும் ஒரே தரையில் ஒருவருக்கொருவர் துணையாக நின்று பயிலும் சூழல் அது. கனிஷ்டரும் சிரேஷ்டரும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தால் ஒப்பிடுவது சுலபம் என்று தோன்றும். அந்தச் சுலபத்தில்தான் பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் உயரம். பதினாறு வயதுப் பையன்கள் எந்தப் பயிற்றுநரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாஸ்டர், நான் இன்னும் உயருவேனா?" பொதுவான விடை, கொஞ்சம். பையன்களின் வளர்ச்சி வேகம் சராசரியாக 14 வயதை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. அந்த ஓர் ஆண்டில் ஒன்பது, பத்து சென்ரிமீற்றர் வரை கூடலாம். பெண்பிள்ளைகளுக்கு இந்த உச்சம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு முந்தி, 12 வயதை ஒட்டி, வருடத்துக்கு எட்டு சென்ரிமீற்றர் அளவில் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 16 வயதுப் பையனின் நடு உயரம் 172.9 சென்ரிமீற்றர், 19 வயதில் 176.5. இடைவெளி நான்கு சென்ரிமீற்றருக்கும் குறைவு. பெண்பிள்ளைகளுக்கு 162.5இலிருந்து 163.2, ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. இலங்கையில் வளர்ந்த ஆணின் சராசரி உயரம் சுமார் 164 சென்ரிமீற்றர் என்பதால் அந்த அட்டவணையின் எண்களை நம் பிள்ளைகள்மேல் அப்படியே ஏற்றக் கூடாது. ஆனால் விகிதம் பொருந்தும்: கனிஷ்ட பிரிவுக்குள் நுழையும் வயதிலேயே ஒரு பையன் தன் இறுதி உயரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டை எட்டிவிடுகிறான்.

அப்படியானால் கனிஷ்டரையும் சிரேஷ்டரையும் பிரிப்பது நீளம் இல்லை. உடல் வளர்வதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பாதம் முந்துகிறது, பின்னால் கால் நீள்கிறது, அதற்குப் பிறகு முண்டம். பதினான்கு வயதுப் பையன் கொக்குப்போல் கால் மட்டும் நீண்டு, தன் காலைத் தானே தடுக்கி விழுவது இதனால்தான். அந்த மாதங்களில் மவாஷி கெரி என்ற சுழல் உதை திடீரென்று தடுமாறும், சமநிலை குலையும். அவன் சோம்பேறியாகிவிட்டான் என்று பயிற்றுநர் நினைத்தால் அது அநியாயம். நீளம் மாறிவிட்ட காலை மூளை இன்னும் பழைய கணக்கில் வீசிக்கொண்டிருக்கிறது. முண்டத்துக்குப் பிறகு அகலம்: தோள் விரிகிறது, மார்பு ஆழமாகிறது. நிறை கூடும் வேகம் உயர வேகத்தின் உச்சத்துக்குச் சில மாதங்கள் பிந்தியும், பலம் கூடும் வேகம் ஏறக்குறைய ஓர் ஆண்டு பிந்தியும் உச்சமடைகின்றன. நீண்ட என்புகளின் முனையருகே இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில், இருபதுகளின் நடுப்பகுதி வரை இழுத்துக்கொண்டு, மார்பென்போடு சேரும் பக்கத்துக் காறையென்பின் முனை இணைகிறது. பதினேழு வயதுக்காரன் சிரேஷ்டரின் அருகே உயரத்தில் சமமாக நின்றும் ஒல்லியாகத் தெரிவதற்குக் காரணம் இந்த வரிசைதான். அவனுடைய சட்டகம் முடிந்துவிட்டது, நிரப்புவது முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் வளரும் உடலொன்றின் உயரம் நூற்றுக்கு ஐந்து கூடினால், தசையின் குறுக்குவெட்டு நூற்றுக்குப் பத்தும் திணிவு நூற்றுக்குப் பதினாறும் கூடும். பலம் குறுக்குவெட்டோடு போகிறது, சுமக்க வேண்டிய பாரம் திணிவோடு போகிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விலங்குகளின் என்புகளைக் கொண்டு விளக்கிய விதி இதுவே. பெரிய உடல் தன் பாரத்தோடு ஒப்பிடும்போது பலம் குறைந்தது. எதிராளி இல்லாமல் தனியாக அசைவு வரிசையைச் செய்துகாட்டும் காட்டாவில் வல்லவர்கள் பலர் பெரிய உருவம் இல்லாமல் இருப்பதில் இந்த விதிக்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை உடல் இந்த விதிப்படி வளர்வதில்லை. உயரம் ஏறக்குறைய நிற்க, தசை மட்டும் தடிக்கிறது. குறுக்குவெட்டு கூடும் அளவுக்கு நெம்புகோல் நீளம் கூடுவதில்லை. அதே நீளமுள்ள கை, அதைவிடத் தடித்த தசை. கியாகு சுக்கி என்ற எதிர்க்கைக் குத்து ஒன்றின் வேகமும் தாக்கமும் உயரம் மாறாமலே கூடுவதன் இரகசியம் இங்கே இருக்கிறது. சிரேஷ்ட பிரிவின் முதல் ஆண்டில் அடிவாங்கும் பையனுக்கு நான் சொல்ல விரும்புவது, அவன் எட்டாமல் போனது நீளத்தில் இல்லை என்பதே.

இந்த மாற்றத்தைப் பிடிக்க நாம் வழக்கமாக எடுக்கும் அளவுகோல் மிகவும் மட்டமானது. பெல்ஜியத்தின் அடோல்ப் கெற்றலே 19ஆம் நூற்றாண்டில் மனிதக் கூட்டங்களின் சராசரியைத் தேடியபோது நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார். 1972இல் அன்செல் கீஸ் அதற்கு உடல் திணிவுச் சுட்டெண் என்று பெயர் வைத்தார். 168 சென்ரிமீற்றரும் 56 கிலோவும் உள்ள கனிஷ்டனுக்கு அது 19.8. ஐந்தாறு ஆண்டு உழைத்து 169 சென்ரிமீற்றரும் 66 கிலோவுமாக அவன் நின்றால் 23.1. ஆசிய மக்களுக்கென உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் குறித்த எச்சரிக்கைக் கோடு 23. கொழுப்பு ஒரு துளியும் ஏறாமல், முழுவதும் தசையாகக் கூடியிருந்தாலும் அவன் கோட்டைத் தாண்டிவிடுகிறான். கெற்றலேயின் எண் கூட்டத்துக்காகப் பிறந்தது. தனி விளையாட்டு வீரனின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

உள்ளே பார்க்க வேண்டுமென்றால் தோல்மடிப்பை அளக்க வேண்டும். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலையும் அதற்கடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்துத் தூக்கி, விரலிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளிக் கலிப்பரை வைத்து, இரண்டு விநாடி கழித்து வாசிக்க வேண்டும். நல்ல கலிப்பர் சதுர மில்லிமீற்றருக்குப் பத்துக் கிராம் என்ற ஒரே அழுத்தத்தைத் தரும். மேற்புயத்தின் பின்புறம், தோள்பட்டை என்பின் கீழ், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று எட்டு இடங்கள். அளவுகள் எல்லாம் வலது பக்கத்தில். இந்த முறைகளை உலகெங்கும் ஒன்றாக்குவதற்காக 1986இல் சர்வதேச உடலளவியல் சங்கமொன்று உருவானது.

கலிப்பர் தருவது மில்லிமீற்றர். பயிற்றுநர்கள் கேட்பது கொழுப்புச் சதவீதம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் பாலத்தில்தான் கனிஷ்டர்-சிரேஷ்டர் ஒப்பீடுகள் பெரிதும் வழுக்குகின்றன. மிகவும் பயன்படும் சமன்பாடுகளை டேர்னினும் வோமர்ஸ்லியும் 1974இல் வெளியிட்டார்கள். 16 முதல் 72 வயது வரையான 481 பேரை ஸ்கொட்லாந்தில் அளந்து பெற்றவை அவை. அந்தச் சமன்பாடு தோல்மடிப்பிலிருந்து உடலின் அடர்த்தியைத் தரும். பிறகு அடர்த்தியிலிருந்து கொழுப்புக்குப் போக, கொழுப்பில்லாத உடலின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.1 கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள். முழுமையாக வளர்ந்த உடலுக்கு அது பொருந்தும். வளரும் பிள்ளையின் கொழுப்பில்லாத உடலில் நீர் கூட, என்பின் கனிமம் குறைவு. ஆகவே அதன் அடர்த்தி 1.1ஐ எட்டுவதில்லை. பெரியவரின் சமன்பாட்டில் பிள்ளையின் அளவைப் போட்டால், அந்தக் குறைவை எல்லாம் கொழுப்பு என்று அது எண்ணிவிடும். கனிஷ்டர்களுக்குக் கொழுப்புக் கூட, சிரேஷ்டர்களுக்குக் குறைவு என்று அழகான ஒரு முடிவு வரும். அதில் ஒரு பங்கு சமன்பாடே உண்டாக்கியது. இதைத் திருத்துவதற்காகச் சிலோட்டரும் அவருடைய சகாக்களும் 1988இல் பிள்ளைகளுக்கென்று தனிச் சமன்பாடுகள் தந்தார்கள். அவையும் நம்மூர்ப் பிள்ளைகளை அளந்து செய்தவை இல்லை. ஒரே உடல் திணிவுச் சுட்டெண்ணில் தெற்காசியரின் உடலில் ஐரோப்பியரைவிடக் கொழுப்பு அதிகம் என்பது பலமுறை காட்டப்பட்ட ஒன்று. ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு எட்டு மடிப்புகளின் கூட்டுத்தொகையை மில்லிமீற்றரிலேயே எழுதி வைப்பது நேர்மையானது. அது குறைந்தால் குறைந்தது, கூடினால் கூடியது. எந்த ஊர்ச் சமன்பாட்டின் கடனும் அதில் இல்லை.

கராத்தேக்காரர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2003இல் இத்தாலியில் உயர்மட்டப் போட்டியாளர்களையும் நடுமட்டக்காரர்களையும் ஒப்பிட்டபோது, மேல்மட்டத்தார் கொழுப்பில் குறைந்தவர்களாகவும் நெடுவாக்கான உடற்கட்டு உள்ளவர்களாகவும் இருந்தார்கள். துனீசிய ஆய்வாளர்கள் 2012இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோதும் சித்திரம் பெரிதாக மாறவில்லை: முதல்தர ஆண்களில் தசைப்பாங்கும் மெலிவுப்பாங்கும் சேர்ந்த உடற்கட்டு, குறைந்த கொழுப்பு. பெண்களைப் பற்றிய ஆய்வுகள் மிக அரிது என்றும் அந்தத் தொகுப்பு சொன்னது. அது கவலைக்குரிய இடைவெளி. பெண்பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவர் இன்றைக்கும் ஆண்களின் எண்களை வைத்துக்கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளை வாசிக்கும்போது மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் கனிஷ்டர் முப்பது பேரையும் சிரேஷ்டர் முப்பது பேரையும் அளந்து, இரண்டு சராசரிகளையும் அருகருகே வைத்தால், இடையிலுள்ள வித்தியாசத்தை வளர்ச்சி என்று சொல்லிவிட மனம் அவசரப்படும். அந்த முப்பது சிரேஷ்டரும் இந்த முப்பது கனிஷ்டரின் நாளைய உருவங்கள் இல்லை. வேறு மனிதர்கள், வேறு ஆண்டுகளில் பிறந்தவர்கள்.

வளர்ச்சி என்பதை உண்மையாகவே அளந்தவர் பிரான்சின் பிலிபேர் த மோன்பெய்யார். 1759இல் பிறந்த தன் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 1777 வரை, பதினெட்டு ஆண்டுகள் அளந்தார். அந்த எண்களை இயற்கை விஞ்ஞானி புஃபோன் தன் நூலில் அச்சிட்டார். ஒரே பிள்ளை, ஒரே தகப்பன். அந்த ஏட்டிலிருந்து வளர்ச்சி வேகத்தின் வளைவை வரைந்தால், பருவ வயதில் அது எழுந்து விழுவது தெளிவாகத் தெரிகிறது. பல பிள்ளைகளின் சராசரியில் இந்த முகடு தேய்ந்து போகும். ஒருவன் 13இல் எழும்புவான், இன்னொருவன் 15இல். இரண்டையும் கூட்டி வகுத்தால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மெல்லிய மேடுதான் மிஞ்சும்.

சிரேஷ்டர் குழு இன்னொரு விதத்திலும் வேறுபட்டது. அவர்கள் நிலைத்தவர்கள். கனிஷ்டத்தில் இருந்த எத்தனையோ பேர் உயர்தரப் பரீட்சை, வேலை, கல்யாணம், வெளிநாடு என்று போய்விட்டார்கள். முந்தி வளர்ந்த பையன் பதினான்கில் பதக்கம் வாங்குகிறான், கவனிக்கப்படுகிறான், தொடர்கிறான். பிந்தி வளர்பவன் தோற்றுத் தோற்று விலகிவிடுகிறான், அவனுடைய உடல் எழும்பும் காலத்தில் அவன் மண்டபத்தில் இல்லை. ஆக, சிரேஷ்டர் அகன்று பலமாக இருப்பதில் வளர்ச்சி எவ்வளவு, பயிற்சி எவ்வளவு, விலகியோர் விலகிய பின் மிஞ்சியது எவ்வளவு என்பதை ஒருநாள் அளவை பிரித்துச் சொல்லாது. திருகோணமலையில் இதோடு தொழிலும் சேர்கிறது. வலை இழுக்கும் கைகள், கடற்படைப் பயிற்சியில் உரம் ஏறிய தோள்கள், மூட்டை தூக்கும் முதுகுகள். அந்தப் புயத்தின் சுற்றளவைக் கராத்தேயின் கணக்கில் எழுதினால் அது தப்பு.

அளக்கும் நேரம்கூட முடிவைத் திருப்பிவிடும். காலையில் எழும்பும்போது நாம் மாலையைவிட ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரமாக இருக்கிறோம். முள்ளந்தண்டின் தட்டங்கள் நாள் முழுவதும் பாரத்தால் நீரிழந்து அமுங்குகின்றன. மாணவர்களைப் பாடசாலை தொடங்கும் வேளையிலும், வேலைக்குப் போகும் சிரேஷ்டர்களை மாலை ஆறு மணிக்கும் அளந்தால், சிரேஷ்டர் ஒரு சென்ரிமீற்றர் குட்டையாகத் தெரிவார்கள். இந்த இரண்டு வயதுகளுக்கும் இடையே எதிர்பார்க்கக்கூடிய உண்மையான வித்தியாசமே சில சென்ரிமீற்றர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது நான் மிகவும் முக்கியம் என்று கருதும் இடத்துக்கு வருகிறேன். ஒரு மாவட்டத்தின் உயரங்கள் அந்த மாவட்டத்தின் வரலாறும் கூட. இங்கிலாந்தின் ஜேம்ஸ் டானர் மனித வளர்ச்சியை வாழ்நாள் முழுவதும் படித்தவர். ஹார்ப்பெண்டன் என்ற ஊரின் பிள்ளைகள் இல்லத்தில் 1940களின் இறுதியில் தொடங்கிய ஆய்வை இரண்டு தசாப்தங்களுக்கு மேல் நடத்தினார். இன்று பயன்படும் கலிப்பர் ஒன்றுக்கு அந்த ஊரின் பெயரே இருக்கிறது. பிள்ளைகளின் வளர்ச்சி அவர்கள் வாழும் சமூகத்தின் கண்ணாடி என்பது அவருடைய உறுதியான கருத்து. 1982இல் அவரும் சகாக்களும் ஜப்பானியப் பிள்ளைகளின் அளவுகளை ஆராய்ந்தார்கள். 1957க்கும் 1977க்கும் இடையில் ஜப்பானியரின் உயரம் கூடியிருந்தது, ஏறத்தாழ முழுவதும் காலின் நீளத்தால். அமர்ந்த உயரம் அநேகமாக மாறவில்லை. யுத்தத்தின் பட்டினியிலிருந்து மீண்ட ஒரு நாட்டின் கால்கள் இருபது ஆண்டில் நீண்டன. குழந்தைப் பருவத்தில் மிக வேகமாக நீள்வது கால் என்பதால், அந்த வயதில் வரும் பசியும் நோயும் முண்டத்தைவிடக் காலையே அதிகம் குறைக்கின்றன.

தலைக்கு எட்டும் உதைக்கு மூன்று புள்ளி, நடு உடலுக்கு உதைத்தால் இரண்டு, கைக்குத்துக்கு ஒன்று. காலின் நீளம் கராத்தேயில் வெறும் அழகுக்கானது இல்லை.

திருகோணமலை மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் குச்சவெளியையும் தாக்கியபோது அவருக்கு நான்கு வயது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் போரின் நடுவே கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது ஆறு. சம்பூரிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் பல 2015க்குப் பிறகுதான் ஊர் திரும்பின. அவர் சிறுவயதை முகாமிலும் உறவினர் வீட்டிலும் கழித்திருக்கக்கூடும். 2009இல் பிறந்தவர் இந்த எதையும் காணவில்லை. ஆனால் வளர்ச்சியின் உச்சத்தை நெருங்கும் வயதில், 2022இன் பொருளாதார நெருக்கடி அவர் வீட்டுச் சமையலறைக்குள் வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலையேற்றம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை ஒட்டி நின்றது. முட்டையும் பால்மாவும் மீனும் எத்தனை வீடுகளில் குறைந்தன என்பது இந்த மாவட்டத்தில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முன்னவர் இப்போது சிரேஷ்டர், பின்னவர் கனிஷ்டத்திலிருந்து சிரேஷ்டத்துக்குக் காலடி வைக்கும் வயதினர். இவர்களின் உயர வித்தியாசத்தை வயதின் வித்தியாசம் என்று மட்டும் எழுதினால், இருவர் பட்டதையும் அழித்துவிடுகிறோம். எனவே நின்ற உயரத்தோடு அமர்ந்த உயரத்தையும் அளக்க வேண்டும். உயரம் தெரிந்த ஒரு முக்காலியும் சுவரில் ஒட்டிய அளவுகோலும் போதும். இரண்டையும் கழித்தால் காலின் நீளம். அந்தக் கழித்தலில், பிள்ளைப்பருவம் எப்படிப் போனதென்று ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது.

அமர்ந்த உயரத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. கனடாவின் மேர்வால்டும் சகாக்களும் 2002இல், வயது, நிறை, உயரம், அமர்ந்த உயரம் ஆகியவற்றிலிருந்து ஒரு பிள்ளை வளர்ச்சி உச்சத்துக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே நிற்கிறது என்று கணிக்கும் சமன்பாடுகளைத் தந்தார்கள். ஓர் ஆண்டு வரை பிழை வரலாம், அவையும் வேற்றுநாட்டுப் பிள்ளைகளை அளந்து பெற்றவைதான். ஆனாலும், பதினாறு வயதான இருவரில் ஒருவன் உச்சத்தைத் தாண்டி மூன்று ஆண்டு, மற்றவன் ஓர் ஆண்டு என்று தெரிந்தால், ஒருவனைத் திறமைசாலி என்றும் மற்றவனை உதவாதவன் என்றும் முத்திரை குத்தும் கை கொஞ்சம் தயங்கும்.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. வளர்ச்சி வேகத்தின் உச்சத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்தே பிள்ளை சாமத்தியப்படுகிறாள். அதன்பின் சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர்தான் மிச்சம். கனிஷ்ட பிரிவுக்கு வரும்போது உயரம் முடிந்துவிட்டது. இடுப்பு விரிகிறது, தொடையிலும் இடுப்பிலும் கொழுப்பு சேர்கிறது. அது உடலின் நியாயமான வேலை. பெண்ணின் உடல் இயங்க அடிப்படையாக வேண்டிய கொழுப்பே நூற்றுக்குப் பன்னிரண்டு அளவு என்றும் ஆணுக்கு மூன்று என்றும் பழைய கணிப்பொன்று உண்டு. பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து "நிறை ஏறிவிட்டது, சாப்பாட்டைக் குறை" என்று சொல்லும் பயிற்றுநர், 48 கிலோ, 53 கிலோ என்ற எல்லைக்கோடுகளை மட்டும் பார்க்கிறார். உணவு போதாமல் பயிற்சி மட்டும் தொடர்ந்தால் மாதவிடாய் நின்று என்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கு ஒரு பெயரிட்டு, உலகெங்கும் எச்சரித்தது. தவறிய மாதவிடாயைப் பயிற்றுநரிடம் சொல்லத் துணியும் பிள்ளைகள் குறைவு. அதைக் கேட்டறியப் பெண் ஆசிரியையோ பொதுச்சுகாதார மருத்துவ மாதுவோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், கராத்தே முதன்முறை நுழைந்தபோது பெண்கள் காட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயினின் சான்ட்ரா சான்செஸுக்கு வயது 39. அதே ஒலிம்பிக்கின் குமித்தேயில் ஐந்து நிறைப்பிரிவுகளை மூன்றாகச் சுருக்கியிருந்தார்கள். ஆண்களில் 75 கிலோவுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே பிரிவு. குமித்தேயில் உடலளவுக்கு இருக்கும் ஆட்சி காட்டாவில் இல்லை. காட்டாவில் நிறைப்பிரிவே கிடையாது. அளவெடுத்துப் பிள்ளைகளைப் பிரிக்க நினைப்பவர்கள் இந்தப் பாதி விளையாட்டை மறந்துவிடுகிறார்கள்.

நிறை எல்லைக்காக உடலைக் காயப்போடும் வழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். 1997இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள், நிறை குறைப்பதற்காக வியர்வை சிந்தி நீரைத் தவிர்த்து, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகே அங்கே விதிகள் மாறின. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் மூடிய மண்டபத்தில், தடித்த கராத்தே உடையோடு ஒரு மணி நேரம் பயின்றால் ஒரு லீற்றர் வியர்வை போவது சாதாரணம். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. 60 கிலோ உடலுக்கு 1.2 கிலோ நீர் குறைந்தாலே ஆற்றல் இறங்கத் தொடங்கும். தராசில் வென்று தரையில் தோற்பது இப்படித்தான். கனிஷ்டனின் உடல் இன்னும் நிரம்பிக்கொண்டிருப்பது என்பதால் அவனை 55க்குள் பிடித்து வைப்பது இரட்டைத் தவறு. இயல்பாகக் கூடும் நிறையைத் தடுத்தால் சிரேஷ்டத்தில் அவனுக்குத் தேவைப்படும் தசையையே தடுக்கிறோம்.

அளவுகளைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு நடைமுறை விடை எளிது. பிள்ளைக்கு ஒரு பக்கம் வைத்த கொப்பி, ஆண்டுக்கு இரண்டுமுறை அளவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கலாமே என்று ஆர்வமுள்ளவர்கள் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒன்றரை சென்ரிமீற்றர் வளரும் பதினாறு வயதுக்காரன் மூன்று மாதத்தில் நான்கு மில்லிமீற்றர் கூடுவான். நல்ல கையாலேயே உயரத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிழை வரும், பிழையே செய்தியை விழுங்கிவிடும். ஆறு மாதம் இடைவெளி விட்டு, அதே ஆள், அதே நேரம், வெறுங்காலோடு, பயிற்சிக்கு முன், இரண்டுமுறை அளந்து சராசரியை எழுத வேண்டும். நின்ற உயரம், அமர்ந்த உயரம், நிறை, கைவிரிப்பு, புயத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் சுற்றளவு போதும். தையல்காரரின் துணிநாடா இழுபடும், ஆகவே உலோக நாடா. தோல்மடிப்பு அளக்கப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் மட்டும் கலிப்பர். பெண்பிள்ளைகளைப் பெண்ணே அளக்க வேண்டும், மறைவான அறையில், தாய் தகப்பனின் சம்மதத்தோடு. பிள்ளை வேண்டாம் என்றால் அன்றைக்கு அளவே வேண்டாம். எண்களைச் சத்தமாக வாசிப்பதும் சுவரில் ஒட்டுவதும் கூடாது.

கந்தளாயில் சிங்களத்தில் எழுதும் ஆசிரியரும் கிண்ணியாவிலும் நகரத்திலும் தமிழில் எழுதும் ஆசிரியர்களும் தோளின் ஒரே புள்ளியிலிருந்து, ஒரே பக்கத்தில் அளந்தால் கொப்பிகளைச் சேர்த்து வாசிக்கலாம். மூன்று ஆண்டு சென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு ஏழு புள்ளிகள் கிடைக்கும். உயரத்தின் வேகம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழ் இறங்கி, நிறையும் புயச் சுற்றளவும் ஏறத் தொடங்கும் இடம் அந்தப் பக்கத்திலேயே தெரியும். பாரப் பயிற்சியைக் கனக்கச் செய்ய வேண்டிய காலம் அது. சிரேஷ்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதைப் பிறந்தநாளை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், ஓர் ஆண்டு பொறுக்கலாமா என்று பிள்ளையோடும் பெற்றோரோடும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துப் பேசலாம்.